97க்கு அடுத்து 104

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், இடுப்பைத் தவிர. நீயும் வீட்டுக்காரியும் சின்னவளும் சுகம்தானே? லிஃப்ட் ரிப்பேருக்காகக் குழிக்குள் இறங்குகிற நாளில் ஈரச் சட்டையோடு இருக்காதே. உனக்குச் சளி பிடித்தால் ஒரு மாதம் போகாது. போனில் சொல்லலாம்தான், ஆனால் பாதி நேரம் சின்னவள் பாடுகிறாள், மீதி நேரம் நீ "அப்புறம்? அப்புறம்?" என்கிறாய். அதனால் கடிதம்.

உன் நாவல் பெட்டிகள் வந்து சேர்ந்திருக்கும். முப்பது வருஷமாக இந்த பைண்டிங் அறையில் யார் யாருடைய புத்தகத்தையோ மடித்துத் தைத்திருக்கிறேன். சொந்தத் தம்பியின் புத்தகம் என் மேஜைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. மற்றவர்களிடம் கொடுக்க மனசு வரவில்லை. பாதிக்குமேல் என் கையாலேயே மடித்தேன்.

படித்தேன். அழுதேன். நீ எழுதிய எதிலும் எனக்கு வருத்தமில்லை.

எங்கள் வாசகர் வட்டத்திலும் ஒரு பிரதியை விட்டிருக்கிறேன். நீ போன பிறகு ஆரம்பித்தது இந்த வட்டம். என்னையும் சேர்த்துப் பத்துப் பேர். ஒருத்தருக்குப் பத்து நாள் என்று புத்தகம் கை மாறும். பின்னட்டைக்கு உள்ளே ஒரு குறிப்புத் தாள் ஒட்டியிருக்கும். படித்தவர் அதில் இரண்டு வரி எழுதித் தேதி போட வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு, சைக்கிள் கடை மாடியில் கூடிப் பேசுவோம். புத்தகங்களைப் பாதுகாக்கிற பொறுப்பு என்னுடையது. அந்தக் கண்றாவியை ஏன் கேட்கிறாய்! ரேடியோ என்று நாங்கள் கூப்பிடுகிற ஓய்வு பெற்ற தலைமை குமாஸ்தா, நாக்கில் விரலைத் தொட்டுத்தான் பக்கம் திருப்புவார். பல் டாக்டர் பக்க அடையாளத்துக்குப் பல் குத்துகிற குச்சி வைக்கிறார். புதுக் குச்சிதானா என்று இதுவரை கேட்கவில்லை, கேட்கத் தைரியமும் இல்லை.

கடைசி முறை அவளுடையது. சித்தி என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. அம்மாவோடு கூடப் பிறந்தவள், தானே கொண்டுவந்த வரனுக்குத் தானே மொட்டைக் கடிதம் போட்டு என் கல்யாணத்தை நிறுத்தியவள், இன்று எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இலக்கியம் பேசுகிறாள். சந்தா கட்டுகிறவளைப் போகச் சொல்ல முடியாது. ஆனால் என் கையால் ஒரு புத்தகமும் அவளுக்குப் போகாது. தையல்காரம்மாதான் இடையில் வாங்கிக் கொடுப்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். சின்னவளுக்கு முத்தம்.

அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். உன் இடுப்புக்கு டாக்டரிடம் போனாயா, இல்லை வழக்கம்போலத் தைலமா?

உன் கடிதத்தை வேலை இடத்தில், மொட்டை மாடி மெஷின் ரூமில் உட்கார்ந்து படித்தேன். நான் புத்தகம் படிப்பதும் அங்கேதான். மோட்டார் சூட்டில் கதகதப்பாக இருக்கும், யாரும் வர மாட்டார்கள். "நீ எழுதிய எதிலும் எனக்கு வருத்தமில்லை" என்கிற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நேரில் சொல்ல வாய் வராத ஒன்றுக்காகத்தான் அக்கா அந்தப் புத்தகத்தையே எழுதினேன். நீ படித்த பிறகு என்ன சொல்வாயோ என்று இரண்டு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை. நீ ஒரே வரியில் முடித்துவிட்டாய்.

இனிமேல் உன்னிடம் ஒன்றை ஒளிக்க வேண்டாம். அம்மா காரியத்துக்குப் பிறகு பதினோரு வருஷம் நான் வீட்டுப் படி ஏறவில்லை. லீவு இல்லை, வேலை என்று சொன்னதெல்லாம் சாக்கு. உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது முடியும். நம் ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூனில் குடும்பத்தோடு வருகிறோம். மாடி அறைகளில் நாங்கள் இருந்துகொள்கிறோம். சம்மதமா?

வட்டத்தில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

சுகம். தைலம்தான். உங்கள் சுகத்துக்கும் எழுது.

சம்மதமா என்று அக்காவிடம் கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது? மாடி அறைகளுக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது. சின்னவள் படிக்க மேஜை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு நாளாகப் பெருக்கின அறையையே மறுபடி பெருக்குகிறேன். மற்றபடி நீ என்னென்னவோ கனமாக எழுதியிருக்கிறாய். எழுத்தாளர் ஆகிவிட்டால் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது.

பதில் தாமதமானதற்குக் காரணம் அச்சகத்தில் பாடப் புத்தக வேலை. அது போக, வட்டம்.

போன ஞாயிறு "என் வாசிப்புப் பழக்கம்" என்று ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்று வைத்தோம். வைத்திருக்கவே கூடாது. மருந்துக்கடைக்காரர் கக்கூஸில் உட்கார்ந்துதான் படிப்பாராம். "அங்கதான்மா மனசு ஒருமுகப்படும்," என்கிறார் சிரித்துக்கொண்டே, மடியில் வட்டத்துப் புத்தகத்தை வைத்துத் தடவிக்கொண்டு. அடுத்து அது என் கைக்கு வரவேண்டிய புத்தகம். தையல்காரம்மா முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படிப்பாளாம்: "நடுவுல என்ன இருக்கப்போகுது, கஷ்டப்படுவாங்க." பல் டாக்டர் ஒரு கடற்பயணக் கதையை எல்லாரும் படித்தே ஆகவேண்டும் என்றார். கதை எப்படி என்று கேட்டால், "அது சொல்லி வர்றதில்ல, அனுபவிக்கணும்." அவர் அனுபவித்த லட்சணம் எனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தில் குச்சி பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறது, நாலு மாதமாக.

தான் படிக்காததை இன்னொருத்தர் படிக்கச் சொல்வதற்குப் பேர்தான் இங்கே பரிந்துரை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர்கள் ஏட்டையே திறப்பதில்லை.

உன் புத்தகம் ஐந்து கை மாறிவிட்டது. எல்லாரும் புகழ்கிறார்கள். சுற்று முடிந்து வந்ததும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அட்டையைத் துடைத்துவிடுவேன். அவள் கை பட்ட எந்தப் புத்தகத்தையும் அப்படித்தான் செய்கிறேன். அந்தக் கைதானே "பெண்ணுக்கு வலிப்பு உண்டு" என்று எழுதியது? பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு நாள் மயங்கி விழுந்தேன். அது வீட்டுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். மாப்பிள்ளை வீட்டு விலாசமும் அவளிடம்தான் இருந்தது. இதற்குமேல் சாட்சி என்ன வேண்டும்?

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதே அக்கா. அட்டை பாழாகிவிடும்.

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. சின்னவள் இப்போதே பொம்மைகளைப் பெட்டியில் அடுக்குகிறாள். மேஜை நீலத்தில் வேண்டுமாம்.

நீ புத்தகத்தைப் படித்துவிட்டாய் என்று நினைத்துத்தான் இதைக் கேட்கிறேன்: இன்னும் எதற்கு ஸ்பிரிட்?

தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கொதிக்கிறது.

உன் புத்தகம் சுற்று முடிந்து நேற்று வந்தது. எண்ணெய் விரல் ரேகை, பிஸ்கட் துகள், யாருடையதோ ஒரு நரைமுடி. அதெல்லாம் பழகிப்போனது. துடைக்கலாம் என்று பிரித்தேன். 97ஆம் பக்கத்தைத் திருப்பினால் 104 வருகிறது. 105ஐத் திருப்பினால் 112. நடுவில் பன்னிரண்டு பக்கம் காணோம் என்று நினைத்துப் பதறிவிட்டேன். காணாமல் போகவில்லை. உள்ளே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சடித்து மூன்று தடவை மடிப்போம், பிறகு மிஷினில் ஓரம் வெட்டினால் மடிப்பெல்லாம் பிரிந்துவிடும். இந்த ஒரு மடிப்பு ஒரு நூல் அளவு உள்ளே போயிருக்கிறது. கத்தி தொடவில்லை. நான் மடித்ததுதான், என் தப்புதான். உன் பெட்டியிலும் ஓரிரண்டு இப்படி இருக்கலாம், பார்த்துக்கொள்.

ஆனால் குறிப்புத் தாளைப் பார்! ரேடியோ: "ஒரே மூச்சில் படித்தேன். ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது." பன்னிரண்டு பக்கத்தை எடுத்தும் அவருக்குத் தெரியவில்லை. பல் டாக்டர்: "நடுப்பகுதி என்னைத் தூங்கவிடவில்லை." அந்த நடுப்பகுதியைத்தான் சொல்கிறேன், கத்தி படாமல் கிடப்பதை! மருந்துக்கடைக்காரர்: "கண்ணீர்." ஒரே சொல், அதற்கு ஒரு கையெழுத்து வேறு. இப்படி எட்டுப் பேர். கடைசிக் குறிப்பு அவளுடையது, அதை நான் பார்ப்பதில்லை.

வாய் கூசாமல் எழுதியிருக்கிறார்கள் தம்பி. ஒரு மனுஷன் வருஷக்கணக்கில் உட்கார்ந்து எழுதியதைத் திறந்துகூடப் பார்க்காமல், அழுதேன் என்று எழுதக் கை எப்படி வருகிறது? பொய் சொல்வதில்கூட ஒரு தரம் வேண்டாமா? தாளைத் தொட்டபோது எச்சிலைத் தொட்டதுபோல் இருந்தது. கையை இரண்டு தடவை கழுவினேன்.

நான் வெட்டப் போவதில்லை. அப்படியே வட்டத்துக்கு எடுத்துப்போய் எல்லார் முன்னாலும் காட்டப் போகிறேன்.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதம் கிடைத்த அன்றைக்கே எழுதுகிறேன்.

அவர்களை விடு. எனக்கு ஒன்று மட்டும் சொல். அது வட்டத்துப் பிரதி. உன்னுடையது வேறுதானே? அதில் அந்தப் பக்கங்கள் பிரிந்துதானே இருக்கின்றன?

இரண்டு வரி போதும். ஒரு கார்டில் எழுதிப் போடு.

தம்பி


மே 5

அன்புத் தம்பிக்கு,

சுகம். வெயில் ஆரம்பித்துவிட்டது. சின்னவளுக்கு வேர்க்குரு வந்தால் பவுடர் போடாதே, குளிப்பாட்டினாலே போதும்.

வட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரையும் முதலில் பேசவிட்டேன். ரேடியோ கால் மணி நேரம் ஒலிபரப்பினார். பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். பிறகு நான் எழுந்து, "97க்கு அடுத்து என்ன பக்கம்?" என்று கேட்டேன். "இதென்னம்மா கேள்வி, 98," என்றார் ரேடியோ. "திருப்பிக் காட்டுங்க," என்று நீட்டினேன். திருப்பினார். நாக்கில் தொட்ட விரல் அப்படியே நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் ஜன்னலை ஆராய்ந்தார். தையல்காரம்மா மட்டும், "நான்தான் முன்னாடியே சொன்னேனே, நடுவுல படிக்க மாட்டேன்னு," என்றாள். அவளை என்ன சொல்வது!

அதற்குப் பிறகு கொஞ்சம் பேச்சு நடந்தது. வந்துவிட்டேன்.

மேஜைக்கு நீலம் அடித்தாயிற்று.

அக்கா


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? உன்னிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. போனையும் எடுக்கவில்லை. அச்சகத்துக்குப் பேசினேன், நீ வேலைக்கு வருவதாகச் சொன்னார்கள். உயிரோடு இருக்கிறாய் என்ற வரைக்கும் நிம்மதி.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. வேர்க்குருவைப் பற்றி எழுதினாய்.

டிக்கெட் ஜூன் 14க்கு எடுத்திருக்கிறேன். இங்கே வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. சின்னவளின் பள்ளிக்கூடச் சான்றிதழும் வாங்கியாயிற்று. அக்கா, "வருத்தமில்லை" என்று நீ எழுதியதை நம்பித்தான் இத்தனையும் செய்தேன். நீ படித்தாயா, இல்லையா?

தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

படிக்கவில்லை. ஜனவரியில் படிக்கவில்லை. இப்போது படித்துவிட்டேன்.

அன்று வட்டத்தில் நடந்த "கொஞ்சம் பேச்சு" இதுதான். ரேடியோ வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அதெல்லாம் சரிம்மா. இது உங்க சொந்தப் பிரதிதானே? முன்பக்கத்துல உங்க தம்பி பேனாவுல எழுதி அனுப்பின சீட்டு ஒட்டியிருக்கே. முதல் குறிப்பும் உங்களுதுதான். 'படித்தேன், அழுதேன்'னு. நீங்க எப்படிப் படிச்சீங்க?" பல் டாக்டர் கண்ணைத் திறந்துவிட்டார். எனக்குக் காது வரைக்கும் எரிந்தது. அப்போது எதிர் நாற்காலியிலிருந்து சித்தி சொன்னாள்: "நான் தாள்லயே எழுதியிருந்தேனே. யாரும் பார்க்கலையா?"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். சின்னச் சின்ன எழுத்தில், நேர்கோடாக: "97க்கு அடுத்து 104 வருகிறது. 105க்கு அடுத்து 112. இடையில் உள்ளதைப் பிரிக்க எனக்கு அனுமதி இல்லை. படிக்காததைப் பற்றி எழுதுவதற்கில்லை." பத்துப் பேரில் ஒரே ஒருத்தி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் புத்தகம் எனக்குச் சலித்தது. அறுபத்திரண்டாம் பக்கத்தில் அம்மா துணி உலர்த்துகிறாள். நாலு பக்கமாக அதே துணியை உலர்த்துகிறாள். நம் அம்மா அப்படி மெதுவாக ஒரு நாளாவது எதையாவது செய்திருக்கிறாளா? மூடி வைத்துவிட்டேன். தம்பி எழுதியதை அக்கா பாராட்டாவிட்டால் யார் பாராட்டுவார்கள் என்று அழுதேன் என எழுதினேன். ஊருக்குத்தான் உபதேசம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். அந்த மருந்துக்கடைக்காரராவது ஒரு சொல்லோடு நிறுத்தினார்.

அன்றைக்கே கத்தியை வைத்துப் பிரித்தேன். படித்தேன். பிறகு பல நாள் கையில் பேனாவை எடுக்க முடியவில்லை.

நீயாடா?

பதினேழு வயசு. அக்கா போய்விட்டால் யார் சோறு போடுவார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லித் தருவார்கள் என்று பயந்தாய். ஜாதகம் வந்த கவரில் விலாசத்தைப் பார்த்து, இடது கையால் கோணல் எழுத்தில் எழுதினாய். மழையில் போய்ப் பெட்டியில் போட்டாய். கடிதம் விழுந்த சத்தத்தை அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். அழகாகத்தான் எழுதியிருக்கிறாய், அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. என் வாழ்க்கையை நிறுத்திவிட்டு அதற்கு உவமை தேடியிருக்கிறாய். மாப்பிள்ளையாக வரவிருந்த அந்த வானிலை நிலையத்துக்காரர் என்னை இரண்டு தடவைதான் பார்த்தார். இரண்டாவது தடவை மழை வருமா என்று கேட்டேன், "என்னைக் கேட்டா தப்பாத்தான் சொல்வேன்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அது உன் புத்தகத்தில் இல்லை, ஏனென்றால் அது உனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டியபோது நான் சித்தியைச் சொன்னேன். நீ பக்கத்தில் நின்றாய். அம்மா தன் கூடப் பிறந்தவளை வாசலோடு திருப்பி அனுப்பினாள், நீ கதவைச் சாத்தினாய். அம்மா சாகும்போதும் அவளை உள்ளே விடவில்லை. இருபத்தாறு வருஷம் நான் அவள் தொட்டதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். நீ எனக்கு எழுதியது, அட்டை பாழாகிவிடும் என்று!

உன்னை நினைத்தாலும் குமட்டுகிறது, என்னை நினைத்தாலும் குமட்டுகிறது. ஜூன் 14 வராதே. நான் மன்னித்ததாக நினைத்து நீ டிக்கெட் எடுத்தாய். நான் மன்னிக்கவில்லை, படிக்கவே இல்லை.

சின்னவளிடம் மேஜை காயவில்லை என்று சொல்.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

என்ன எழுதினாலும் உனக்கு அருவருப்பாக இருக்கும் என்று தெரியும். உவமை இல்லாமல் எழுதுகிறேன்.

நான்தான் எழுதினேன். மறுநாளே சொல்லிவிட நினைத்தேன். நீ அழுததைப் பார்த்துப் பயந்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு வருஷமும் அது இன்னும் பெரிதாகிக்கொண்டே போனது. நீ எனக்கு ஃபீஸ் கட்டினாய், எனக்குக் கல்யாணம் செய்துவைத்தாய். நீ ஒவ்வொன்றும் செய்யச் செய்ய எனக்குச் சொல்ல முடியாமல் போனது. உன் காலில் விழ வேண்டும் என்றால் விழுகிறேன். உன் வாழ்க்கையைத் திருப்பித் தர என்னால் முடியாது. உனக்கு நான் செய்தது துரோகம். உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தகுதி இல்லை.

இங்கே வீடு இம்மாதக் கடைசி வரைதான். பிறகு எங்காவது பார்க்க வேண்டும். பதிலை ஆபீஸ் விலாசத்துக்குப் போடு. நான் வரட்டுமா, வேண்டாமா? நீ சொல்கிறபடி.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

உடம்பு பரவாயில்லை.

போன ஞாயிறு பகலில் சித்தி வீட்டுக்குப் போனேன். சலவைக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்த காலத்து நாற்காலி ஒன்று, ஜன்னலோரம் மேஜை, மேஜைமேல் பூதக்கண்ணாடியும் அடிக்கோலும். வரிக்குக் கீழே கோலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படிக்கிறாள். அவ்வளவையும் வாசலில் நின்றபடிதான் பார்த்தேன். உள்ளே கூப்பிடவில்லை.

"யாரு?" என்றாள், நன்றாகத் தெரிந்துகொண்டே.

"நான்தான் சித்தி."

"சித்தியா? யாருக்கு?"

"அந்தக் கடுதாசிய நீங்க எழுதலன்னு தெரிஞ்சுபோச்சு," என்றேன்.

"அது எனக்கு எப்பவுமே தெரியும்டி. நான்தானே எழுதல."

புத்தகத்தை நீட்டினேன். யார் எழுதியது என்று இதில் இருக்கிறது, பக்கங்களை வெட்டிவிட்டேன் என்றேன். கையில் வாங்கவில்லை. "அந்த ஸ்டூல் மேல வை," என்றாள். வைத்தேன். இருபத்தாறு வருஷம் நான் அவளுக்குச் செய்தது, ஒரு நிமிஷம் எனக்கு நடந்தபோது தாங்கவில்லை.

"மன்னிச்சிடுங்க சித்தி."

"படிக்காம நான் எதுவும் சொல்றதில்ல. படிச்சிட்டுச் சொல்றேன்." கதவைச் சாத்திவிட்டாள்.

அதனால் இப்போது நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் சொல்கிறபடி என்கிறாய். நான் யார் சொல்ல? அவள் படித்து முடிக்கட்டும். அதுவரை வராதே. வேறு எங்காவது வீடு பார்த்திருந்தால் அங்கேயே இரு. ரொம்ப மெதுவாகப் படிக்கிறவள்.

அக்கா


ஜூலை 19

எழுத்தாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாவலை வாசகர் வட்டத்தின் கடைசி வாசகியாகப் படித்தேன். முதல் தடவை படிக்க இயலாமல் போன பன்னிரண்டு பக்கங்களை இப்போது இரண்டு முறை படித்துவிட்டேன். குறிப்புத் தாளில் இடம் இல்லாததால் தனியே எழுதுகிறேன். விலாசம் உங்கள் அக்கா கொடுத்தது.

நடை சரளமாக இருக்கிறது. மழை நன்றாக வந்திருக்கிறது. அம்மா துணி உலர்த்தும் இடம் நீளம்.

ஒரு தகவல் பிழை. கதாநாயகன் தன் சைக்கிளில் தபாலாபீஸ் போகிறான். அந்த வருஷம் உனக்கு சைக்கிள் கிடையாது. என் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனாய். எதற்கு என்று கேட்டதற்கு, நோட்டு வாங்க என்றாய். சொட்டச் சொட்டக் கொண்டுவந்து நிறுத்தினாய். நனைந்துவிட்டாயே என்று உன் தலையைத் துவட்டினேன்.

எழுத்தில் குற்ற உணர்ச்சி நிறைய இருக்கிறது. எல்லாம் அக்காவுக்கு. பென்சிலை எடுத்துக்கொண்டு தேடிப் பார்த்தேன். அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் அக்கா என்ற சொல் நாற்பத்தொரு தடவை வருகிறது. தபால்காரர் வருகிறார், தெரு நாய் வருகிறது. சித்தி ஒரு தடவைகூட வரவில்லை. சரி, கடிதப் பகுதியில்தான் இல்லை போலும் என்று மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். இருநூற்று எட்டுப் பக்கத்திலும் இல்லை. அந்தப் பழி யார்மேல் விழுந்தது என்றே உன் கதையில் ஒருவரும் கேட்கவில்லை. அக்காவுக்குச் செய்தது உனக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. என்னை மறைத்ததுகூட இல்லை, மறந்தே போயிருக்கிறாய். உன் அக்காவும் பன்னிரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் கவனிக்கவில்லை.

ஊருக்கு வருவதும் வராததும் உங்கள் இரண்டு பேர் பாடு. அதற்கு என்னைக் காக்க வைக்க வேண்டாம்.

நான் நலம். நீ கேட்கவில்லை.

சித்தி